குளோரின் விசாரணை

காவல் துறையில் காலம் தள்ளியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வியாதி போவதில்லை. யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் அன்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நீச்சல் குளத்துக்குக் குளோரின் வாங்கப் போயிருந்தேன். ராஜபாளையத்தில் மலையடிவாரப் பக்கம் மகன் கட்டிய வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம் உண்டு. அவன் வெளிநாடு போன பிறகு அதில் வேப்பிலைதான் நீந்திக்கொண்டிருந்தது. என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதும் அதற்கு மறுபடி வேலை வந்தது. காயம் ஆறிவிட்டது, இனி தினமும் நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மடங்காமல் இறுகிவிடும் என்றார் டாக்டர். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

கடைக்காரர் கொடுத்தது மாத்திரை. "மிதவையில போட்டு விட்டுருங்க சார், அம்புட்டுத்தான்." அம்புட்டுத்தான் என்று சொல்கிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை. சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் சில வாரங்களில் சுவரெல்லாம் பாசி வழுக்கியது. திரும்பப் போய் மடக்கிக் கேட்டபோதுதான் விஷயத்தைக் கக்கினார். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க மாத்திரையில் ஒரு மருந்து சேர்த்திருக்கிறதாம். அது தண்ணீரில் சேரச் சேரக் குளோரின் இருந்தும் வேலை செய்யாதாம். பாதித் தண்ணீரை மாற்ற வேண்டுமாம். அதாவது குளோரின் என்கிற போலீஸ்காரர் ஸ்டேஷனில்தான் இருக்கிறார், ஆனால் அவர் கையிலேயே விலங்கு.

தண்ணீரை மாற்றிவிட்டுப் பிளீச்சிங் பவுடருக்குப் போனேன். நகராட்சிக்காரர்கள் சாக்கடை ஓரம் தூவுகிற அதே சரக்கு. குளம் மோர் மாதிரி ஆனது. அடியில் சுண்ணாம்பு படிந்தது. சுண்ணாம்பையே கலந்து விற்றுவிட்டானோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. மிச்ச மாத்திரையும் பவுடரும் ஒன்று சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் என்று வேறு ஒருவர் எச்சரித்தார். இரண்டையும் வேறு வேறு அறையில் அடைத்தேன்.

கடைசியில் கேனில் வரும் திரவக் குளோரின். பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறைகளுக்குச் சப்ளை செய்கிறவரிடம் வாங்கினேன். வெயிலில் நின்றால் வீரியம் போய்விடும் என்பதால், எந்தக் கேனைத் திறந்தாலும் முதலில் பழைய பாவாடைத் துண்டு ஒன்றை நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்தேன். போனது. பாசி வரவில்லை, அடியில் எதுவும் படியவில்லை. ஆனாலும் தினமும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மனைவி குளத்துக்குப் போகத் தொடங்கினாள். "நீங்க நின்னா எனக்குக் கூச்சமா இருக்கு, அங்கிட்டுப் போங்க" என்பாள். நான் மோட்டார் அறைக்குப் போய்விடுவேன். ஆனால் கால் மடங்கவே இல்லை. டாக்டர் மேல் சந்தேகம் வந்தது. பிறகு ஒரு நாள் கொடியில் அவள் நைட்டி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழேதான் ஈரம். நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தவளுக்கு இடுப்பு நனையவில்லை.

தண்ணீருக்கு மேலே உள்ள படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்காகத்தானே இம்புட்டு அலைஞ்சேன்! எதுக்கு ஏமாத்துன?"

"வந்ததெல்லாம் கலப்படம், களவாணித்தனம்னு தெனமும் சொல்றீக. தண்ணியப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறீக. நீங்க ஒரு நா அதுல இறங்குனீகளா? நீங்களே நம்பாத தண்ணியில நான் எப்படி இறங்க?"

எனக்கு நீச்சல் தெரியாது. அது ஒரு காரணமே இல்லை என்பதும் தெரியும்.

வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு டவுசரோடு இறங்கினேன். தண்ணீர் நெஞ்சைத் தொடும்வரை போனேன். அவள் படியிலிருந்து என் தோளையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தாள். நான் சோதனைக் குழாயைப் பார்க்கிற அதே பார்வை.

"அரிக்குதா?"

"இல்ல."

"செத்த நேரம் நில்லுங்க, பாப்போம்."

நின்றேன். வெகுநேரம் கழித்துப் படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கடைசிப் படியில் கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.