பதினொரு முறை செத்த டிரைவர்

பதினொரு எபிசோடு, பதினொரு சாவு. ஒரே காலைப்பொழுது திரும்பத் திரும்ப வரும் அந்தத் திரில்லர் தொடரில், பாலத்திலிருந்து ஆற்றில் விழும் பஸ்ஸை ஓட்டுபவர் அவர்தான். நிஜத்திலும் டிரைவர். பஸ் ஓட்டத்தான் கூப்பிட்டார்கள். முகம் பிடித்துப்போய், டிரைவர் வேடத்தையும் இயக்குநர் அவருக்கே கொடுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்பார்: "இன்னைக்கும் செத்தாச்சா?"

"ஆச்சு. சாப்பாடு போடு."

அதே பயணத்தை ஒவ்வொரு முறையும் வேறொரு இருக்கையிலிருந்து காட்டியதுதான் தொடரின் பலம். "உள்ளே தள்ளிப் போங்கப்பா" என்று அவர் அதட்டும்போதே பாலம் வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் பாதிக்கு மேல் சாவு பழகிவிட்டது. நடந்ததெல்லாம் நாயகிக்கு மட்டுமே நினைவிருக்கும். அவள் விளக்கம் சொல்லச் சொல்ல வேகம் படுத்துவிட்டது. மற்றவர்கள் வெறும் பொம்மைகள்.

மனைவிக்கு அந்தப் பொம்மைகளில் ஒன்று புருஷன். பஸ் பாலத்தை நெருங்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கடைசி எபிசோடுல உயிரோட இறங்குறேன். அதையாவது கண்ணைத் திறந்து பாரு" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் காட்சியை எடுப்பதற்குள் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆள் பாதியாகிவிட்டார். காட்சிக்குக் காட்சி உடையும் தோற்றமும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பெண், சட்டைக்குள் துண்டு சுற்றிப் பார்த்தாள். ஒட்டிய கன்னத்தை என்ன செய்வது?

"கதைப்படி இதுவும் அதே காலைண்ணே," இயக்குநர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரே ராத்திரியில ஒரு மனுஷன் இப்படி ஆக முடியாது."

"ஆயிட்டேனே தம்பி" என்றார் இவர்.

எடிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் எபிசோடில் இவர் பஸ்ஸில் ஏறும் காட்சியைத் தலைகீழாக ஓட்டினார். ஒளிபரப்பானபோது, டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டே இறங்குவதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மனைவிக்குத் துணையாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள், சட்டைக்குள் துண்டு சுற்றிப் பார்த்த அந்தப் பெண். "மன்னிச்சிருங்கக்கா, பொருந்தவே இல்ல" என்றாள்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முட்டி வலிம்மா அவருக்கு. வீட்டுப் படியிலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இப்படித்தான் இறங்குவாரு."

வரும் திங்கட்கிழமை தொடர் மறுபடி முதலிலிருந்து ஒளிபரப்பாகிறது. கடைசி எபிசோடு என்றைக்கு வரும் என்று மட்டும் மனைவி போனில் கேட்டு வைத்திருக்கிறார்.