லிஃப்ட் மெக்கானிக்கின் உடும்புப் பிடி

லிஃப்ட் மெக்கானிக் இளவட்டமாக இருந்த காலத்தில், ஜூடோவில் அவர் வீசினால் விழுந்தவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டயர் கடைக்கு மேல்மாடியில் ஜூடோ கூடம். இடது காலில் நின்று, வலது காலை எதிராளியின் தொடைகளுக்கு நடுவே கொடுத்து ஒரே தூக்கு. ஆள் பாயில் விழுகிற சத்தத்தில் கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பாராம். இன்றும் ரப்பர் வாசனை அடித்தால் அவர் மனசு அந்த மாடிக்குப் போய்விடும்.

ஒருநாள் வேலையிடத்தில் லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்ததில் இடது முழங்கால் போயிற்று. நடக்கலாம், ஒற்றைக் காலில் நிற்க முடியாது. கூடத்துப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தவரைத் தேடி, அங்கே பயிற்சிக்கு வரும், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நிக்கத்தானே முடியலை? படுத்துக்கிட்டு சண்டை போடுறதுக்கு என்ன கேடு?"

சமையலறையில் அவருடைய அம்மா சிரித்துவிட்டார். அதற்குமேல் வீட்டில் உட்கார மெக்கானிக்குக்கு ரோஷம் விடவில்லை.

தரைச் சண்டையில் அவர் கற்றுக்குட்டி. மல்லாந்து கிடக்கும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை வளைத்து அமுக்குவார். அவள் நழுவி அவர் முதுகில் ஏறிவிடுவாள். கடைசியில் அவளே வழி சொன்னாள்: "கழுத்தை விடுங்க. கையை அக்குளுக்குக் கீழ கொடுத்துப் பாருங்க." கொடுத்தார். அவளால் அசைய முடியவில்லை. காது சிவந்தது என்னவோ இவருக்குத்தான்.

அடுத்த போட்டியில் எதிரே பேக்கரிக்காரர், மலை மாதிரி உடம்பு. எடுத்த எடுப்பிலேயே மெக்கானிக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அரைப் புள்ளி வாங்கினார். ஜெயித்த நினைப்பில் அவர் பிடியைத் தளர்த்தியதும் மெக்கானிக் புரண்டு, அக்குளுக்குள் கையைக் கொடுத்து அமுக்கினார். பேக்கரிக்காரர் இடுப்பைத் தூக்கி எம்பினார், காலைக் கொக்கி போட்டு இழுத்தார். ம்ஹூம். அமுக்கி வைக்க வேண்டிய நொடிகள் முடிந்து, வெற்றி என்று நடுவர் கை தூக்கும்வரை மெக்கானிக் பிடி விடவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் உடும்பு.

அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டார். அப்புறம் எத்தனையோ பேரை மடக்கினார். ஆனாலும் டிவியில் யாராவது அந்தத் தொடை வீச்சை வீசினால், திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"தூக்குற அந்த ஒரு நொடி ஆளோட கனமே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. விழுந்த எங்களைக் கேளுங்க," என்று சிரிப்பாள் மனைவி.

அவரும் சிரிப்பார். பிறகு முழங்காலைத் தடவியபடி, அதே வீச்சை மறுபடி காட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.