கிட்டார் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய்

மட்டாஞ்சேரியில் இரும்பில் எதை வாங்கினாலும் பாதி துருவுக்குத்தான் வாங்குகிறோம். எங்கள் வீட்டு ஜன்னல்களில் முப்பத்தாறு கம்பிகள் இருக்கின்றன. அவற்றில் வர்ணம் உரியாமல் இருப்பவை ஐந்து. காயல் இரண்டு தெரு தள்ளி, அதற்கப்பால் கடல். குடைக்கம்பி, பூட்டு, கத்தரிக்கோல் என்று வீட்டில் எதையும் அந்த உப்புக் காற்று விட்டுவைக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் என் மனைவி ஆறு கம்பி கட்டிய ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தாள்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு போர்ட் கொச்சியில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் பதினோரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் வீட்டுப்பாடம் செய்யும் வயது. வீட்டில் ஒரே பாட்டின் முதல் நான்கு வரியையே வாசித்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது வரிக்கு எப்போது போவாய் என்று நான் கேட்பேன். விரல் அங்கே எட்டவில்லை என்பாள். பேப்பர் படிக்க முடியவில்லை என்று நான் சாயா டம்ளரையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

பிறகு கனடாவில் மகளுக்குப் பிரசவம் வந்தது. என்னையும்தான் கூப்பிட்டார்கள். முழங்காலையும் மழைக்கு ஒழுகும் கூரையையும் காரணம் சொல்லி நான் இங்கேயே இருந்துவிட்டேன். புறப்படும் அன்று மாத்திரை, காஸ் வால்வு, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கிட்டாருக்கு வந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், கையைக் கழுவிக்கொண்டு, உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைக்க வேண்டும். அவ்வளவுதான், வேறெதுவும் செய்யக்கூடாது என்றாள்.

பழைய வேட்டியைக் கிழித்துப் பன்னிரண்டு துண்டுகள் செய்தேன். துண்டைக் கம்பிக்கு அடியில் செருகி, இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, கிட்டாரின் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துணியில் கறுப்பாக ஒரு கோடு விழும். கம்பிகள் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இல்லை. அவள் விரல் வைத்து அழுத்திய இடங்கள் மட்டும் மங்கிப்போயிருந்தன. அந்த நான்கு வரிக்கு எங்கெங்கே விரல் போயிற்று என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். அந்த இடங்களை அழுத்தித் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாடிக்குப் போக இப்போது காரணமில்லை. பேப்பரை முழுதாகப் படித்துவிடுகிறேன், வரி விளம்பரம் உட்பட. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து வாசிக்கும்போது இதே கம்பிகள் இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன். ஒரு கம்பிகூட அறாமல் இருந்தால் அவள் போய் ரொம்ப நாளாகவில்லை என்று அர்த்தம். எனக்கு அது போதும்.

ஆனால் அவள் விசாவை நீட்டித்தாள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மெல்லிய கம்பிகள் இரண்டிலும் மிளகைத் தூள் பண்ணித் தூவியது போலத் துரு. உலர்ந்த துணி இதற்குப் போதாது என்று நானே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாளுக்கும் அரிவாள்மணைக்கும் என் தலைக்கும் ஒரே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெயை எடுத்து ஆறு கம்பிக்கும் தாராளமாகத் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று. அடுத்த வாரமும் தேய்த்தேன்.

ஒரு காலை வீடியோ அழைப்பில் பேசும்போது, கம்பியை ஒரு தடவை மீட்டிக் காட்டுங்கள் என்றாள். மீட்டினேன். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம்.

"என்ன பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ணலை. கொஞ்சம் எண்ணெய்."

"எந்த எண்ணெய்?"

"நம்ம ஆத்துல வேற என்ன எண்ணெய் இருக்கு?"

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது. "எண்ணெய் தேய்ச்சாச்சோன்னோ, அப்படியே வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டிடுங்கோ" என்றாள்.

சிரித்து முடித்ததும் பரிகாரமும் சொன்னாள். தடித்த கம்பிகளின் மேல் இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறது. எண்ணெய் அந்த இடுக்கில் இறங்கித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதுதான் சத்தத்தை அமுக்குகிறது. ஸ்பிரிட் தொட்ட துணியால் எடுக்க வேண்டும். மரத்தில் படாமல் கம்பிக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். கடைசியில், கம்பிக்கென்றே விற்கும் எண்ணெயை, கம்பியில் அல்ல, துணியில் ஒரு துளி.

அந்த எண்ணெய்க்காகப் படகேறி எர்ணாகுளம் போனேன். கிட்டாரையும் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் கம்பியை முகர்ந்து பார்த்து, மீன் பொரிக்கிற மணம் வருகிறதே என்று மலையாளத்தில் கேட்டார். ஐந்தே நிமிஷம் சேட்டா, புதுக்கம்பி போட்டுவிடலாம், நாள் முழுக்கத் துடைக்கிற விலை இதற்கில்லை என்றார். நான் குப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மங்கல் இடங்களை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒன்பது துணி கறுத்தது. மெல்லிய கம்பிகளுக்குக் குரல் திரும்பியது. தடித்தவை பாதி தேறின. அடுத்த அழைப்பில் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாக மீட்டிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மகள் வீட்டிலும் ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். அங்கே காற்றில் ஈரமில்லாததால் கம்பி துருவே பிடிப்பதில்லை என்றாள். எனக்கு அந்த ஊர்க் காற்றின் மேல் கோபம் வந்தது.

பிறகு, "ஒரு காரியம் பண்ணுங்கோ. கம்பியெல்லாத்தையும் தளர்த்தி வெச்சுடுங்கோ" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். வாசிக்காமல் ரொம்ப நாள் வைத்திருந்தால் கம்பி இழுத்து இழுத்துக் கழுத்து வளைந்துவிடும் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள்.

"ரொம்ப நாள்னா?"

"நம்ம பொண்ணுக்கு லீவு முடியறது. குழந்தையை வெளியில விட மனசு வரலைங்கறா. நான் எப்படிப் போறேன்னு சொல்லுவேன், நீங்களே சொல்லுங்கோ."

 திருகை எத்தனை சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"நாலு."

"நாலு சுத்துன்னா கம்பி தொங்கிப் போயிடும். அப்பறம் அது கிட்டாரே இல்லை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நீ சீக்கிரம் வந்துடு. தனியா முடியலை."

நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டாள். "சரி" என்றாள் பிறகு. "ரெண்டு போதும்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்த கம்பியின் திருகைப் பிடித்தேன். அங்கிருந்து அவள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, போதும் நிறுத்துங்கோ. கம்பியின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்து கம்பிகளுக்கு இரண்டு இரண்டு. கடைசிக் கம்பிக்கு ஒன்றிலேயே நிறுத்தச் சொன்னாள். "ஒண்ணாவது கிட்டக்க இருக்கட்டும், வந்ததும் நானே முறுக்கிக்கறேன்" என்றாள்.