கதவடைப்பில் படித்த பிரெஞ்சு

பிளஸ் டூவில் எங்கள் பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கச் சொன்னார்கள். தமிழில் மார்க் கிள்ளிக் கொடுப்பார்கள், பிரெஞ்சில் கொட்டும் என்றார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், இதில் இன்னொன்று என்ன பாரமா என்று அப்பாவும் கையெழுத்துப் போட்டார். பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த டீச்சர் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. மற்ற பிள்ளைகள் பஸ் ஏறி எல்லை தாண்டிப் பெங்களூருக்கு டியூஷன் போனார்கள். எங்களால் முடியவில்லை. அப்பாவின் கம்பெனியில் கதவடைப்பு, நான்காவது மாதம். பிரெஞ்சில் போனால் பிளஸ் டூவே போனது. மறுபடி எழுதலாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது. உத்தனப்பள்ளியில் சித்தப்பா தக்காளி பறிக்க ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பிரஸ் ஷாப் ஆள். தகட்டிலிருந்து வெட்டி வரும் பீஸை டிராயிங்கோடு வைத்துச் சரிபார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணை என் நோட்டின் மேல் வைத்தார். கைடில் இருக்கும் பிரெஞ்சுக் கட்டுரையை நான் மனப்பாடம் செய்து, பார்க்காமல் எழுத வேண்டும். அவர் கைடை ஒரு பக்கம், நோட்டை ஒரு பக்கம் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. எழுத்துகளின் தலைமேல் வரும் சின்னக் கோடுகளுக்கு அவர் வைத்த பேர் பிசிறு. வெட்டிய தகட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்குமே, அது.

"பாப்பா, மூணாவது வரியில பிசிறு விட்டுட்ட. ரிஜெக்ட். மறுபடி எழுது."

பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை இதுதான். கம்பெனி கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு, தொழிலாளிகள் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அங்கே போவது நின்றது. நிர்வாகம் சொன்னபடியே வேலைக்குத் திரும்புகிறோம் என்று சிலர் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் அப்போதுதான்.

ஒருநாள், அப்பாவோடு ஒரே மெஷினில் நின்ற மதுரைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"என்னண்ணே, பந்தல் பக்கமே காணோம்? பின்வாசல் வழியா உள்ள போயிட்டீகளோ?"

"பாப்பாவுக்குப் பரீட்சைப்பா. பிரெஞ்சு."

"ஏண்ணே, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லக் கூடாதா?"

அப்பா நோட்டை நீட்டினார். பக்கமெல்லாம் அவர் போட்ட சிவப்பு வட்டம். "மேல பிசிறு சரியா வெச்சிருக்குதான்னு பாக்கறேன்."

"அங்க பிசிறு எடுக்கச் சம்பளம் வாங்குனீக. இங்க உக்காந்து பிசிறு வைக்கிறீகளாக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். நான் டீ கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அவர் நம்பினாரோ இல்லையோ, பந்தலில் போய்க் கதையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ஆறு பேர் கையெழுத்துப் போட்டது வெளியே தெரிந்தது. அதில் அப்பா இல்லை. ஆனால் உள்ளே போனவனை "அவனும் பிரெஞ்சு படிக்கிறான்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. வேறு யார் வீட்டுக் கதையாக இருந்திருந்தால் இந்தப் பேச்சை நானே நாலு பேரிடம் சொல்லி ரசித்திருப்பேன். பந்தலுக்குப் போய், எங்க அப்பா அப்படியில்லை, எனக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. போகவில்லை. அப்பா போனார். அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து, "நோட்டை எடு" என்றார்.

பிறகு கம்பெனி திறந்தது. கேண்டீனில் அவரோடு யாரும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள், அவர் சொன்னதில்லை.

ரிசல்ட் வந்த அன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்தார்.

"தேறிட்டியா?"

"தேறிட்டேன்ப்பா. பிரெஞ்சுலதான் ஜாஸ்தி மார்க்கு."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"நல்லது பாப்பா. யாராச்சும் கேட்டா பாஸுன்னு மட்டும் சொல்லு. எதுலன்னு சொல்லாத."