கல் தொட்டிக்குள் மண் தொட்டி

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சண்டை. தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருப்போரூர் நர்சரியில் செடி மாற்றி நட்டுக்கொண்டிருந்த என்னை கார்டன் சூப்பர்வைசராக எடுத்தார்கள். திறப்பு விழாவரைக்கும் ட்ரயல். அன்றைக்கு வாசலில் காகிதப்பூ பூத்திருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வாசல் படிகளில் ஆள் இறங்கி உட்காரும் அளவுக்குக் கருங்கல் தொட்டிகள். உள்ளூர்ச் சிற்பி செதுக்கியவை. வெளியே யாளி, தாமரை இதழ் எல்லாம் உண்டு. அடியில் ஓட்டை மட்டும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒன்றில் காகிதப்பூவை நட்டு, விளிம்புவரை மண் கொட்டி, தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தார். பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது.

மேனேஜர் மதுரைக்காரர். ஓடி வந்தார். "என்னம்மா, வந்ததும் வராததுமா பிடுங்குறீங்க?"

"செத்துப்போச்சு சார். கையளவு வேருக்குக் கெணறு மாதிரி தொட்டி. வேரு குடிக்கிறது ஒரு சொம்பு, மண்ணு புடிச்சி வெச்சிக்கினு கீறது ஒரு கொடம். அழுகிப் போவாம இன்னா பண்ணும்?"

"அப்ப இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு, குளிக்கவா?"

"குளிங்க சார், நானா வாணாங்கறேன்?"

பக்கத்தில் நின்ற கொத்தனார்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

காற்று

காகிதப்பூ இறுக்கத்தில்தான் பூக்கும். இடம் கண்டால் இலையாக விட்டுக்கொண்டு போகும். நர்சரியிலிருந்து எட்டு இஞ்ச் தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டிருந்த செடிகளைக் கொண்டுவந்து, பத்து இஞ்ச் மண் தொட்டிக்கு மாற்றிப் படியில் வரிசையாக வைத்தேன். மண் கட்டி உடையாமல் மாற்ற வேண்டும். வேர் அறுந்தால் இருக்கிற பூவையும் உதிர்த்துவிடும்.

மொட்டு வைத்தது! நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பாதித் தொட்டிகள் படியில் உருண்டு உடைந்து கிடந்தன. கடல் காற்று. நர்சரியில் மரங்களின் மறைவில் வளர்த்தவளுக்கு இது தெரியவில்லை. மேலே பாரம், கீழே பத்து இஞ்ச். நிற்குமா?

"இதுக்குத்தாம்மா கல்லுல செய்யச் சொன்னேன். பூக்கலைன்னா நீங்க கிளம்பிடலாம்" என்றார் மேனேஜர்.

சிற்பி

கோபத்தோடு சிற்பியின் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணாத்த, அந்தத் தொட்டிக்கெல்லாம் அடியில ஓட்ட போட்டுக் குடு."

"இன்னாது, ஓட்டையா? முடிஞ்ச வேலைல உளி வெக்க மாட்டேன். விரிசல் வுட்டா பின்னம், ஒதுக்கிப் போட வேண்டியதுதான்."

"சாமியா செஞ்ச? தொட்டிதான?"

"கல்லு கல்லுதான். பெரிய இவளாட்டம் பேசாத."

"அப்ப உன் யாளிய நீயே தூக்கினு போயி வூட்ல வெச்சிக்க."

"உன் சட்டிய நீ தூக்கி உள்ள வெச்சிக்கயேன்! கருவறையில சாமி கீற மாதிரி குந்தினு கெடக்கட்டும்."

நக்கலாகத்தான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணாத்த, செதுக்கிப் போட்ட அந்தக் கல்லுச் சில்லெல்லாம் தூக்கியா போடப்போற?"

"எதுக்கு, என்னை அடிக்கவா?"

அன்றைக்கே டெம்போவில் சில்லு வந்து இறங்கியது. கல் தொட்டியில் பாதிக்குச் சில்லு, மேலிருந்து வடியும் தண்ணீர் அதில் நிற்கட்டும் என்று. அதன்மேல் செங்கல். செங்கல்மேல் பத்து இஞ்ச் தொட்டி. சுற்றிலும் மறுபடி சில்லு. ஓரத்தில் ஒரு பிவிசி பைப். மழை பெய்தால் பைப்புக்குள் குச்சி விட்டுத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பேன். ஏறியிருந்தால் டியூப் விட்டு உறிஞ்சிப் படிக்குக் கீழே இறக்கிவிடுவேன். உடைந்த தொட்டிச் செடிகளுக்குப் பதில் நர்சரியிலிருந்து வேறு கொண்டுவந்தேன். காற்று அடித்தது. ஒன்றும் அசையவில்லை.

விழாவன்று வாசலே தெரியாத அளவுக்குப் பூ. சிற்பி வந்து யாளியைத்தான் தடவிப் பார்த்தார், பூவை அல்ல. மேனேஜர் என்னிடம் வந்தார். "நாளைக்கு யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். அவ்வளவுதான். எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

இப்போது சிறுசேரி ஆபீஸ்களில் செடி பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதையேதான் கத்திச் சொல்கிறேன். செடியைத் தூக்கி வேரைப் பார். மண் கட்டியைச் சுற்றி ரெண்டு விரல் இடம் போதும், அதுதான் அடுத்த தொட்டி. வாசலுக்குப் பெரிசாக வேண்டுமா, காற்றுக்குக் கனமாக வேண்டுமா, அதை வெளியே வை. வேருக்கு அதெல்லாம் தெரியவேண்டாம்.