வாசல் குழாய்

அந்த ஏலக்காய்க் குடோனுக்குள் ஒன்பது ஆண்டுகளாக நான் நுழைந்ததில்லை. போடியில் சுகாதார ஆய்வாளராக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனேன். தேதியும் நேரமும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஆனால் போனதெல்லாம் வாசல் வரைதான்.

காரணம் என் சட்டை. காலையில் சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் இடத்தில் நின்றுவிட்டு வருகிறவன் மேல் அந்த வாடை நாள் முழுக்க நிற்கும். ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அங்கே காய் பொறுக்கும் பெண்களே மல்லிகைப் பூவைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். "சார், அங்கனயே நில்லுங்க. ஏலத்துக்குப் போற சரக்கு" என்பார் மேலாளர். நாற்காலி வரும், டீ வரும். வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விடுவேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஒவ்வொரு தடவையும் மஞ்சளானது. 'பார்வையிட்டேன், குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எனக்கும் அதுதான் சௌகரியம். அன்றைக்கு இன்னும் நான்கைந்து இடம் பாக்கி இருக்கும், முழங்காலும் வலிக்கும்.

போன ஐப்பசியில் அங்கே வேலை பார்த்த பெண் ஒருவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். விசாரிக்கப் போனேன். நாற்பது வயதிருக்கும். நோயைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"என் எடத்துல மேனேஜரு வேற ஆள உக்கார வச்சுட்டாரு சார். சீக்கக் கொண்டாந்ததே நாந்தானாம். கொணமானாலும் வராதேன்னுட்டாரு."

"உங்க தெருவுல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல. குடோன்ல என் பக்கத்துல இருக்கவளுக்குத்தான் நாலு நாளா வாந்தி. சொன்னா வேலை போயிரும்னு வாயத் தெறக்க மாட்டேங்குறா. எல்லாரும் குடிக்கிறது பின்பக்கத் தொட்டித் தண்ணிதான?"

அப்படி ஒரு தொட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. "வாசல் குழாய்த் தண்ணி இல்லையா?" என்று கேட்டேன்.

"அது ரோட்டு லைன்ல இருந்து நேரா வர்றது சார். உங்களுக்குத்தான் அது."

மறுநாள் பவுடர் பக்கம் போகாமல், குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் போய் நின்றேன். மேலாளர் நாற்காலியோடு வந்தார்.

"மோந்து பாருங்கண்ணே" என்று கையை நீட்டினேன்.

அவர் நிஜமாகவே மோந்து பார்த்தார். அப்புறம் வழிவிட்டார். "வெரசா முடிங்க சார். சோலி கெடக்கு."

தொட்டி, கக்கூஸ் குழியை ஒட்டித் தரைக்குக் கீழே இருந்தது. மேலே சுவரில் 'சுத்தம் செய்த நாள்' என்று பெயின்டில் எழுதி, ஒரு தேதி. அது நான் கடைசியாக வந்த நாள். அதற்கடியில் பழைய தேதிகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லாமே நான் வாசலில் உட்கார்ந்து டீ குடித்த நாட்கள்தான். மூடியைத் தூக்கினேன். குழிப் பக்கத்துச் சுவர் விரிசலில் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. சொட்டு விட்ட தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

வாடை பிடிக்காமலிருக்க ஏலக்காய் மூட்டைகளை வேறிடத்துக்கு ஏற்றி அனுப்பி, தொட்டியை இறைத்து, விரிசலைப் பூசி, பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் கூலி இல்லை என்று பெண்கள் என்னை முறைத்தார்கள். வாந்தி எடுத்தவருக்கும் காமாலைதான். நோய் தொட்டித் தண்ணீரால் வந்தது என்று அறிக்கையில் எழுதி, ஒரு நகலை மேலாளரிடமும் கொடுத்தேன். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த பெண்ணை வராதே என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

கார்த்திகைக் கடைசியில் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். அன்று நானும் போயிருந்தேன். பூவை ஆணியில் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒரு சட்டை மாத்த ஒம்பது வருசமாச்சாக்கும் சார்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சாயங்காலம் பழைய நாட்குறிப்புகளை எடுத்து, அந்தக் குடோனுக்கு 'பார்வையிட்டேன்' என்று எழுதியிருந்த ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 'வாசலிலிருந்து' என்று பென்சிலில் சேர்த்தேன். அதே பக்கங்களில், அதே வரியோடு, வேறு குடோன்களும் வந்துகொண்டே இருந்தன. அங்கேயும் எனக்கு நாற்காலி போடுவார்கள்.

நோட்டை மூடிவிட்டு, மறுநாளைக்கு ஒரு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.