அரிசி ஆலையில் ஒரு பொய்ச் சத்தம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. தைத்து முடித்த இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்கள் பெல்ட்டில் ஊர்ந்து, இரும்பைக் கண்டுபிடிக்கும் சதுர வளையம் ஒன்றுக்குள் புகுந்து வெளியே வரும். சிப்பத்துக்குள் ஆணியோ கம்பியோ இருந்தால் வளையம் கத்தும், பெல்ட் நின்றுவிடும்.

ஒரு சம்பா அறுவடை சமயத்தில் அது காரணமே இல்லாமல் கத்த ஆரம்பித்தது. ஒரே காலையில் ஏழெட்டுத் தடவை. பிரித்துக் கொட்டிச் சலித்தால் வெறும் அரிசிதான். வாசலில் லாரி காத்துக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்தார். வளையத்துக்குப் பக்கத்தில் நின்று சிப்பத்தின் வாயைத் தைக்கும் அக்காவின் காலைப் பார்த்தார்.

"உங்க கொலுசுதாம்மா மிஷினைக் கத்த வைக்குது. நாளைலேர்ந்து உமி அள்ளுற பக்கம் போயிடுங்க."

உமித் தூசியில் ஒரு நாள் நின்றாலே இருமல் வந்துவிடும். அக்கா கொலுசைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்கக்கா," என்றேன். "சார், அரை மணி நேரம் குடுங்க. எதுன்னு கண்டுபிடிச்சுடுறேன்."

"அதுக்கு எதுக்கு அரை மணி? சத்தம் போடாத அளவுக்கு மிஷினைக் கொஞ்சம் கம்மி பண்ணி வைங்க."

"கம்மி பண்ணா நெஜமான ஆணியையும் விட்டுடும் சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பெல்ட்டைக் காலியாக ஓடவிட்டு, அக்காவைக் கொலுசோடு வளையத்தை ஒட்டி நாலு நடை நடக்கச் சொன்னேன். சத்தமில்லை. கடைசியாகக் கத்தவைத்த சிப்பத்தைப் பிரிக்காமல், பெல்ட்டில் மெல்ல வைத்து மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். மூன்று தடவையும் பேசாமல் போனது. உள்ளே இரும்பு இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கும். ஆக, கோளாறு சிப்பத்திலும் இல்லை, அக்காவிடமும் இல்லை.

பிறகு பழையபடி சிப்பங்களை ஓடவிட்டு நின்று கவனித்தேன். சிப்பம் பெல்ட்டில் தொப்பென்று விழும்போதுதான் சத்தம் வந்தது. குனிந்து பெல்ட்டைத் தாங்கும் சட்டத்தைத் தடவிக்கொண்டே போனேன். வளையத்துக்குச் சற்று முன்னால் ஒரு தகட்டின் போல்ட் தளர்ந்திருந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் தகடு சட்டத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது. அந்த உரசலையே இரும்பென்று நினைத்துக் கத்தியிருக்கிறது வளையம். ஸ்பேனரால் இறுக்கினேன்.

அதற்குப் பிறகு நாற்பது சிப்பத்துக்கு மேல் சத்தமில்லாமல் போயின. அடுத்தது கத்தியது.

"மறுபடியும் பொய்யா?" என்றார் மேலாளர்.

திருப்பி அனுப்பினேன். கத்தியது. மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் கத்தியது.

"இது நெஜம் சார்."

பிரித்துக் கொட்டினோம். விரல்நகம் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டு. அரிசி சலிக்கும் மிஷினின் சல்லடைக் கம்பி. மேலே ஏறிப் பார்த்தால் சல்லடை ஓரத்தில் கிழிந்திருந்தது. அன்றைக்கே வேறு சல்லடை மாட்டினோம்.

இறங்கி வந்த மேலாளர் அக்காவிடம், "நீங்க இங்கேயே இருங்க," என்றார்.

"நான் எங்க சார் போனேன்?" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த சிப்பத்தின் வாயைத் தையல் மிஷினுக்கு இழுத்தார்.